கூடையும் முள்ளந்தண்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே நோக்கினால் நீல நிறத்தில் ஒரு மலைச்சுவர் எழுந்து நிற்பதைக் காணலாம். அச்சுவரில் வளைந்து வளைந்து ஏறிக் குமுளியை அடைந்து, வண்டிப்பெரியாற்றைக் கடந்து, கோட்டயம் செல்லும் சாலையில் மேலும் சென்றால் பீர்மேடு வரும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ள ஊர் அது. பீர் முகமது என்னும் ஞானி அங்குத் தங்கியிருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். திருவிதாங்கூர் மன்னர்கள் கோடைக்காலத்தை அங்குக் கழித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைத் துரைமார் காடழித்துக் காப்பி பயிரிட்டனர். காப்பி இலையில் நோய் கண்ட பின்னர் தேயிலைக்கு மாறினர். அத்தேயிலையைக் கிள்ள மலையேறியவருள் பெரும்பாலோர் கிழக்கே இருந்து சென்ற தமிழர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று எழுந்த கோரிக்கை நிறைவேறவில்லை. மலை கேரளத்தில் நின்றது. மலையில் உழைத்தவரின் உறவினர் தமிழகத்தில் இருந்தனர். எங்கள் குடும்பமும் அத்தகைய குடும்பங்களுள் ஒன்று.

என் அத்தை அந்த மலையில் கொழுந்து கிள்ளினார். கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டி, முதுகில் கூடையைத் தாங்கி, இரு கைகளாலும் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னே எறிந்தவாறு சரிவில் ஏறுவார். காலையில் இலேசாக இருக்கும் கூடை மாலையில் கனக்கும். மழை பெய்தால் இலையோடு நீரின் கனமும் சேரும். அவருக்கு 30 வயது நிரம்பும் முன்னே முதுகில் வலி வந்தது. மலையில் முதுகுவலி இல்லாத பெண்ணே இல்லை. ஆகவே எவரும் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் பல மாதங்கள் வலிக்கு மாத்திரை மட்டுமே கொடுத்தனர். மாலையில் காய்ச்சல் வந்தது, உடல் மெலிந்தது, ஒருநாள் குளிக்கும்போது முதுகின் நடுவே ஓர் எலும்பு புடைத்து நிற்பதை என் அப்பத்தா கண்டார்.

1990ஆம் ஆண்டு அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றனர். முதுகெலும்பில் காசநோய் என்று அங்கிருந்த மருத்துவர் கூறினார். படுத்தே கிடக்க வேண்டும், அறுவை செய்வார்கள், அல்லது மார்பு முதல் இடுப்பு வரை மாவுக்கட்டுப் போடுவார்கள் என்று எதிர்பார்த்தே குடும்பத்தார் சென்றனர். மருத்துவர் மூன்றையும் சொல்லவில்லை. ஒன்பது மாதம் நாள் தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும், கூடை தூக்கக் கூடாது, ஆனால் எழுந்து நடமாடலாம் என்றார். அப்பத்தாவுக்குச் சினம் பொங்கிற்று. "படுக்கச் சொல்லாத வைத்தியம் என்னய்யா வைத்தியம்?" என்று அவர் கேட்டதைச் சிறுவனாகிய நான் அருகில் நின்று கேட்டேன். மருத்துவர் சிரித்தாரே தவிர விடை கூறவில்லை. வெளியே வரிசையில் எண்பது பேர் நின்றுகொண்டிருந்தனர்.

நான் மருத்துவன் அல்லன். கலைப் பட்டம் பெற்றுத் தில்லியில் மைய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். ஆயினும் அந்தக் கேள்விக்கு உரிய விடை ஒரு வரலாறாக இருப்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். நோயுற்ற முதுகைப் படுக்க வைப்பதா, அறுப்பதா, நடக்க விடுவதா என்ற வினா மிகப் பழமையானது. மனிதன் அதற்கு அளித்த விடைகளையும், அவ்விடைகளை மன்றங்களில் வைத்து வாதிட்டு மாற்றிய முறையையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எகிப்து நாட்டில் ஏறத்தாழ கி.மு. 1600இல் எழுதப்பட்ட அறுவை மருத்துவச் சுவடி ஒன்று உண்டு. 1862இல் அதனை விலைக்கு வாங்கிய எட்வின் ஸ்மித் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. அதில் 48 நோயாளிகளின் நிலைமை கூறப்படுகிறது. தலையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும் அந்த வரிசையில் கடைசி நோயாளிக்கு முதுகெலும்பில் சுளுக்கு. மருத்துவன் அவனைக் கால்களை நீட்டி மடக்கச் சொல்கிறான். வலி தாளாமல் அவன் உடனே மடக்கிக்கொள்கிறான். இக்காலத்து மருத்துவரும் நோயாளியைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கிறார் அல்லவா? அதனோடு உறவுடைய சோதனையே இது. நோய் இன்னதென்று கூறிய பின்னர், அவனை மல்லாந்து படுக்க வைக்குமாறு சுவடி விதிக்கிறது. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று தொடங்கும் தொடர் பாதியில் நின்றுவிடுகிறது. எழுதியவன் ஏன் நிறுத்தினான் என்பது எவருக்கும் தெரியாது. படுக்க வைத்ததோடு சுவடி முடிந்துவிட்டது. அதற்குப் பின் முப்பது நூற்றாண்டுகளுக்கு மேலாக மருத்துவமும் அவ்விடத்தைத் தாண்டி வெகுதூரம் செல்லவில்லை எனலாம்.

நம் நாட்டிலும் கூன் பழைய நோயே. நின்றசீர் நெடுமாறனாகிய கூன்பாண்டியனின் கூன் நிமிர்ந்த கதையை அறியாத தமிழர் இலர். அரசனுக்கு அருள் கிடைத்தது. குடிமக்களுக்கு எண்ணெயும் ஒற்றடமும் கட்டுமே கிடைத்தன.

1779இல் இலண்டன் நகரத்து அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட் என்பவர், முதுகு கூனுவதையும் கால்கள் செயலற்றுப் போவதையும் ஒரே நோயின் இரு கூறுகளாக இணைத்து எழுதினார். அவர் பெயராலேயே அந்நோய் இன்றும் வழங்குகிறது. அவர் கூறிய மருத்துவமோ முதுகின் இருபுறமும் புண் உண்டாக்கிச் சீழை வடிய விடுவது! நோயைக் கண்டறிந்த கூர்மை வேறு, தீர்த்த முறை வேறு. 1882இல் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டார். தமிழில் நாம் எலும்புருக்கி என்று வழங்கிய சொல் நுரையீரல் நோய்க்கே பெரிதும் பயன்பட்டது. முதுகெலும்பை உண்மையாகவே உருக்கும் நோய்க்கு அச்சொல் எத்துணைப் பொருந்துகிறது என்பதை நான் மொழிபெயர்க்கும்போதுதான் உணர்ந்தேன்.

1895ஆம் ஆண்டு இருவகையில் நினைக்கத்தக்கது. அவ்வாண்டு அக்டோபரில் பீர்மேடு வட்டத்தில் பென்னிகுக் கட்டிய பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பிற்று. அடுத்த மாதமே செருமனியில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அணையில் கல் சுமந்தவரின் முதுகெலும்பை உயிரோடு இருக்கும்போதே பார்க்கும் வழி, அவர்கள் மலையிறங்கிய காலத்தில் பிறந்தது. ஆனால் அவ்வழி ஏழைகளை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின.

அக்காலத்து மருத்துவத்தை ஆண்ட கொள்கை ஓய்வு என்பது. லிவர்ப்பூல் நகரத்தில் ஏழைகளுக்கு மருத்துவம் செய்த ஹ்யூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டுக்கும் முதுகுக்கும் இடைவிடாத, நெடுநாளைய, கட்டாய ஓய்வு வேண்டும் என்று போதித்தார். அவர் பெருந்தகை, அவர் செய்த கட்டுச் சட்டங்கள் பல உயிர்களைக் காத்தன. மருந்தில்லாத காலத்தில் அதைவிடச் சிறந்த வழி இருந்திருக்கவும் முடியாது. குழந்தைகளைச் சட்டத்தில் கட்டிப் பல ஆண்டுகள் வெயிலில் படுக்க வைத்தனர். மலைகளிலும் ஊருக்கு வெளியிலும் சானடோரியங்கள் எழுந்தன. சென்னையை அடுத்துத் தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரிமுத்து அமைத்த சானடோரியத்தின் பெயரை இன்றும் மின்சார ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது.

1911இல் அமெரிக்காவில் ஆல்பி, ஹிப்ஸ் என்னும் இருவர், நோயுற்ற முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும் அறுவையைத் தனித்தனியே வெளியிட்டனர். 1956இல் ஹாங்காங்கில் ஹாட்ஸனும் ஸ்டாக்கும் வேறு வழியில் சென்றனர். நோய் இருப்பது முள்ளெலும்பின் முன்பகுதியில். ஆகவே முன்புறமாகவே சென்று, அழுகிய எலும்பை முற்றும் நீக்கி, நல்ல எலும்பை அங்கு நட வேண்டும் என்றனர். அரிய திறமை வேண்டும் அறுவை அது. அதன் முடிவுகளைக் கண்டு உலகம் வியந்தது. ஆனால் ஹாங்காங்கில் இருந்த மருத்துவமனையும் மயக்க மருந்து வல்லுநரும் குருதி வங்கியும் ஆசிய நாடுகளின் சிற்றூர்களில் இருந்தனவா? அந்த அறுவைதான் ஒரே வழி என்றால், என் அத்தை போன்றோர்க்கு வழியே இல்லை என்றன்றோ பொருள்?

இவ்விடத்தில் வரலாறு சென்னைக்கு வருகிறது. தமிழராகிய நாம் போதிய அளவு அறிந்து போற்றாத ஒரு செய்தி இது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை ஒன்று கூடிச் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையத்தை அமைத்தன. நுரையீரல் காசநோய் கண்ட நகரத்து ஏழைகள் 193 பேரை அந்நிலையம் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் கட்டிலும் நல்லுணவும் காற்றும் பெற்றனர். மற்றவர் நெரிசலான தம் வீடுகளிலேயே இருந்தனர்; உணவு குறைவு; வேலையும் செய்தனர். இருவர்க்கும் மருந்து ஒன்றே. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவரும் ஏறத்தாழச் சானடோரியத்தில் இருந்தவரைப் போலவே நலம் பெற்றனர். வீட்டாருக்கு நோய் தொற்றும் அபாயமும் அதனால் மிகவில்லை. கட்டிலன்று, மருந்தே நோயைத் தீர்த்தது. உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் மூடத் தொடங்கியதற்கு ஒரு பெருங்காரணம் சென்னையின் சந்துகளில் வாழ்ந்த இம்மக்கள்.

நுரையீரலுக்கு உண்மையானது முதுகெலும்புக்கும் உண்மையாகுமா? நுரையீரல் உடலைத் தாங்குவதில்லை, முதுகெலும்பு தாங்குகிறது. உளுத்த தூணின்மேல் பாரத்தை ஏற்றலாமா என்று மருத்துவர்கள் அஞ்சியது நியாயமே. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு ஒன்று இவ்வச்சத்தைச் சோதனைக்கு உட்படுத்தியது. கொரியாவின் மாசான் நகரில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தவரையும் தொடக்கத்திலேயே நடமாட விடப்பட்டவரையும் ஒப்பிட்டனர். புசானில் மாவுச்சட்டை அணிந்தவரையும் அணியாதவரையும் ஒப்பிட்டனர். மருந்து சரியாக உட்கொண்டால் படுக்கையாலும் சட்டையாலும் கூடுதல் நன்மை இல்லை என்ற முடிவு 1973இல் அச்சேறிற்று.

எஞ்சியது அறுவை. 1975இல் சென்னை நிலையம், நகரத்து அரசு மருத்துவமனைகளின் எலும்பு மருத்துவத் துறைகளோடு சேர்ந்து அச்சோதனையைத் தொடங்கியது. ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின் என்னும் இரு மருந்துகள். முதற்பிரிவினர்க்கு ஹாங்காங் முறையில் அறுவையும் ஆறு மாத மருந்தும். இரண்டாம் பிரிவினர்க்கு அறுவையின்றி, நடமாடியவாறே ஆறு மாத மருந்து. மூன்றாம் பிரிவினர்க்கு அவ்வாறே ஒன்பது மாதம். பின்னர்ப் பத்து ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்த்தனர். பத்து ஆண்டுகள் ஏழைகளைத் தொடர்வது எளிதன்று, நேயர்களே. அவர்கள் வீடு மாறுவர், ஊர் மாறுவர், பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் செல்வர். நம்மைப் போன்றவரே அவர்கள். வீடு வீடாகத் தேடிச் சென்ற பணியாளரின் உழைப்பு அந்த அறிக்கையின் ஒவ்வோர் எண்ணிலும் அடங்கியிருக்கிறது.

1999இல் பத்தாண்டு அறிக்கை வெளிவந்தது. அறுவை செய்யப்பட்ட 78 பேரில் நூற்றுக்கு 90 பேர் நன்னிலையில் இருந்தனர். ஆறு மாதம் மருந்து மட்டும் உண்ட 78 பேரில் நூற்றுக்கு 94. ஒன்பது மாதம் உண்ட 79 பேரில் நூற்றுக்கு 99. நன்னிலை என்றால் நோய் அடங்கி, கால் வாதமின்றி, சீழ்க்கட்டியின்றி, முழு உழைப்புக்கும் தகுதி பெற்றிருத்தல்.

இதனால் அறுவையே வேண்டா என்று கொள்வது பிழை. நடக்க இயலாத அளவு வாதம் கண்டவர்கள் இச்சோதனையில் சேர்க்கப்படவில்லை. 15 வயதிற்கு உட்பட்ட சிறுவர்க்குத் தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் இருந்தால், நோய் தீர்ந்த பின்னும் கூன் வளர்ந்துகொண்டே போவதை அதே அறிக்கை எடுத்துக் கூறியது. ஆகவே எவரை அறுக்க வேண்டும், எவரை விட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே அறிவது எப்படி? இவ்வினாவை எடுத்துக்கொண்டவர்கள் சென்னையில் எலும்பு மருத்துவப் பேராசிரியராக விளங்கிய டி.கே. சண்முகசுந்தரமும், அவரோடு பணியாற்றிப் பின்னர்க் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் புகழ்பெற்ற எஸ். இராஜசேகரனும் ஆவர். 1987இல் அவர்கள் ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர். முள்ளெலும்பு முதலில் எவ்வளவு கரைந்துள்ளது என்பதை எக்ஸ்ரேயில் அளந்து, அதனை 30.5ஆல் பெருக்கி, 5.5ஐக் கூட்டினால் இறுதியில் நிற்கப்போகும் கூனின் கோணம் கிடைக்கும். முழு முள்ளெலும்பு ஒன்று அழிந்தால் 36 பாகை. அரை எலும்பு அழிந்தால் ஏறத்தாழ 21. பள்ளிக்கூடத்துக் கணக்குப் போல் இருக்கிறது. ஆனால் ஓர் எக்ஸ்ரே படமும் அளவுகோலும் மட்டுமே உள்ள சிறிய மருத்துவமனையின் மருத்துவர், இந்த நோயாளி இங்கேயே இருக்கலாம், இவர் நகரத்துக்குப் போக வேண்டும் என்று அதனைக் கொண்டு தீர்மானிக்கலாம். நோயாளியின் ஏழ்மையை அறிந்தவர்கள் ஆக்கிய கணக்கு அது. 2001இல் இராஜசேகரன் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த சிறுவர்களைப் பற்றி எழுதி, பிற்காலத்தில் கூன் மிகக்கூடிய முதுகை முன்கூட்டியே காட்டும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களை வரையறுத்தார்.

காசநோயை இத்தோடு நிறுத்தி, அதைவிடப் பரவலான நோய்க்கு வருகிறேன். தேயிலைக் கூடை தூக்குபவர்க்கும் நாற்காலியில் குனிந்து எழுதும் என்னைப் போன்றவர்க்கும் பொதுவான இடுப்பு வலியைத்தான் குறிப்பிடுகிறேன். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் இதனால் துன்புற்றனர் என்று கணக்கிட்டுள்ளனர்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. அவ்வட்டு பிதுங்கிக் காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்துவதே கால்வரை இறங்கும் வலிக்குக் காரணம் என்பதை 1934இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் நிறுவினர். அதற்கு முன் அறுவையில் கிடைத்த அத்துண்டுகளை மருத்துவர்கள் குருத்தெலும்புக் கட்டிகள் என்றே எண்ணிச் சீசாக்களில் இட்டு வைத்திருந்தனர். அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது பல கட்டிகள் கட்டிகளே அல்ல, பிதுங்கிய வட்டுகள் என்று தெரிந்தது. அதிலிருந்து வட்டு அறுவை ஒரு பேரலையாக எழுந்தது. நம் நாட்டில் கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரிலும், சீர்காழியில் பிறந்த பி. இராமமூர்த்தி 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினர். 1951இல் இவ்விருவரும் மற்றிருவரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். அன்று நாட்டில் இத்துறை வல்லுநர் அனைவரையும் ஒரு சிறு அறையில் அமர்த்திவிடலாம். எனினும் ஆண்டுதோறும் கூடி, தாம் கண்டதைப் பிறர்முன் வைத்து வாதிட வேண்டும் என்று அவர்கள் எண்ணினர்.

சுவீடன் நாட்டின் நாகெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் வட்டில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 எனக் கொண்டால், மல்லாந்து படுக்கும்போது 25. நின்று முன்னே குனிந்தால் 150. உட்கார்ந்து குனிந்தால் 185. 1999இல் செருமனியில் வேறு கருவியால் அளந்தபோது உட்காருவது அத்துணைக் கொடிதன்று என்று தெரியவந்தது. குனிந்து பாரம் தூக்குவதன் கொடுமையோ உறுதிப்பட்டது. கொழுந்து கிள்ளும் பெண் நாள் முழுதும் எந்த நிலையில் நிற்கிறாள் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவளுக்கு மருத்துவ வசதியை உரிமையாக்கியது. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்து பீர்மேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது, கூலியோடு அவ்வசதியும் போயிற்று.

1974இல் இடுப்பு முள்ளந்தண்டு ஆராய்ச்சிக்கென்றே ஒரு பன்னாட்டுக் கழகம் தோன்றியது. அறுவை மருத்துவர் மட்டுமல்லர். எந்திரவியல் அறிஞர், உயிரியல் அறிஞர், உடற்பயிற்சி மருத்துவர் ஆகியோரும் அதில் உறுப்பினர். அறுவை செய்வோர் தம் அறுவையைத் தாமே மெச்சிக்கொள்ளாதபடி, அறுவை செய்யாதவரும் அருகில் அமர்ந்து கேள்வி கேட்கும் ஏற்பாடு இது. இத்தகைய சோதனைகளின் பயனை ஆஸ்லோ நகரத்து வெபர் காட்டினார். 1983இல் வெளியான அவர் ஆய்வில், வட்டு பிதுங்கியவருள் அறுவை பெற்றோர் ஓராண்டில் மற்றவரைவிட நலமாக இருந்தனர். நான்கு ஆண்டில் வேறுபாடு குறைந்தது. பத்து ஆண்டில் மறைந்தது. 1986இல் அமெரிக்காவில் 203 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இடுப்பு வலிக்கு ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவரைவிட இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொல்லப்பட்டவர் வேலையிழந்த நாட்கள் நூற்றுக்கு 45 குறைவு, நலத்திலோ குறைவில்லை. எகிப்தியச் சுவடி நிறுத்திய இடத்திலிருந்து மருத்துவம் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது.

இக்கழகத்தின் ஆராய்ச்சிப் பரிசு 2004இல் கோயம்புத்தூருக்கு வந்தது. வளர்ந்தவரின் வட்டுக்குள் குருதிக் குழாய் இல்லை. அவ்வாறாயின் அதற்கு உணவு எப்படிச் செல்கிறது? இராஜசேகரனும் குழுவினரும் சிரையில் ஒரு மருந்தைச் செலுத்தி, அது எலும்பின் விளிம்புத் தகட்டினூடே கசிந்து வட்டின் நடுவை அடைவதை ஒரு நாள் முழுதும் காந்தப் படங்களில் தொடர்ந்து பார்த்தனர். நலமுள்ள வட்டின் நடுவை மருந்து நிறைக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று. அத்தகடு கெட்டால் வட்டும் கெடும். 2013இல் மீண்டும் அப்பரிசு பெற்ற ஆய்வில், வட்டு பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்து, அவருள் நூற்றுக்கு 65 பேர்க்கு வட்டின் வளையம் கிழிவதற்குப் பதிலாக, வட்டு தகட்டோடு சேரும் இடமே பெயர்ந்திருப்பதைக் காட்டினர். 1934 முதல் உலகம் நம்பிய ஒன்றைத் திருத்திய செய்தி இது.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் இத்துறை மருத்துவர் கூடிய மாநாடு ஒன்றில், நண்பர் ஒருவரின் உதவியால், பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒருவர்க்குச் சில நிமிடங்களே. மணி அடித்தால் மேடையை விட்டு இறங்க வேண்டும். எவ்வளவு பெரிய மருத்துவராயினும், எத்தனை நோயாளிகள், எத்தனை ஆண்டு தொடர்ந்தீர்கள், தொடர்பு அறுந்தவர் எத்தனை பேர் என்று கீழிருந்து ஓர் இளைஞர் கேட்டால் விடை கூறியாக வேண்டும். அந்த மூன்றாவது கேள்வி என்னைக் கவர்ந்தது. தொடர்பு அறுந்தவர் என்ற தலைப்பின் கீழ் வருபவர் பெரும்பாலும் பிழைப்புத் தேடிப் போனவர்களே என்று எனக்குத் தோன்றிற்று.

மற்றொன்றும் தோன்றிற்று. நான் சொற்களோடு பிழைப்பவன் ஆதலால் அதனைக் கூறாமல் இருக்க இயலவில்லை. நம்மவர் வட்டு விலகிவிட்டது என்கிறோம். கேட்டவுடன், அச்சு முறிந்த வண்டிபோல் உடல் ஆகிவிட்டதாக நோயாளி அஞ்சுகிறான், அசைய மறுக்கிறான், படுக்கையைத் தேடுகிறான். உண்மையில் வட்டு தன் இடத்திலேயே இருக்கிறது. அதன் ஒரு சிறு பகுதி பிதுங்கியிருக்கிறது. பலர்க்கு அது தானே சுருங்கியும் விடுகிறது. பிதுக்கம் என்று சொன்னால் இவ்வளவு அச்சம் எழாது.

வேலூரில் பணியாற்றிய மேரி வர்கீசை இங்கு நினைக்காமல் செல்ல மனம் வரவில்லை. கொச்சியை அடுத்த செராயில் பிறந்து இளம் மருத்துவராக இருந்த அவர், 1954 ஜனவரியில் ஊர்தி விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. முதுகெலும்பை அறுப்பதற்கும் கிருமியைக் கொல்வதற்கும் அப்பால், நிமிரவே இயலாத முதுகோடு ஒருவர் சமைப்பதும் உழைப்பதும் எப்படி என்று கற்பிக்கும் இடம் அது.

என் அத்தை ஒன்பது மாதம் மாத்திரை விழுங்கினார். அப்பத்தா நாள்தோறும் எண்ணிக் கொடுத்தார். படுக்கச் சொல்லாத மருத்துவரைத் திட்டிக்கொண்டேதான் கொடுத்தார். முதுகில் சிறு புடைப்பு நின்றுவிட்டது. மலைக்கு அவர் திரும்பவில்லை. கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டும் வேலைக்கும், பின்னர்ச் சிறு கடைக்கும் சென்றார். சென்ற முறை ஊருக்குப் போனபோது சென்னை அறிக்கையை எடுத்துச் சென்று, அவரெதிரே அமர்ந்து, எண்களைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். மதுரை மருத்துவர் படுக்கச் சொல்லாததற்குக் காரணம் இதுதான் அத்தை என்றேன். ஒன்பது மாதம் மாத்திரை தின்ற 79 பேரில் 78 பேர் பத்து ஆண்டு கழித்தும் நலமாக இருந்தார்கள் என்றேன்.

அவர் கடைக்கு வந்த பையனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிச்சம் ஒருத்தரு என்னய்யா ஆனாரு?"

அறிக்கையில் பெயர்கள் இருப்பதில்லை அத்தை என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, பொம்பளையா ஆம்பளையா என்றாவது போட்டிருக்கிறதா பார் என்றார்.